ஸ்தாதிஸ் சொல்லாத காரணம்

டூயிஸ்பர்க்,
8 செப்டம்பர் 2024

ஸ்தாதிஸ்,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி தானாகத் துண்டிக்கப்படவில்லை. நான்தான் வைத்தேன். "எப்போ வர்றே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ ஐரோப்பிய வங்கியின் வட்டி விகிதத்தில் ஆரம்பித்தாய். கப்பல்கள் செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போவதைச் சொன்னாய். பிறகு கோபால்ட் சுரங்கங்களுக்குப் போனாய். அடுப்பில் வைத்திருந்த பயறு அடிப்பிடித்துவிட்டது. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

இனிமேல் எழுதுவோம். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் வைத்துவிட முடியாது. நீ கடற்படையில் கட்டாயச் சேவையில் இருந்தபோது எனக்கு நன்றாகத்தான் எழுதினாய். அந்தக் கடிதங்களில் வட்டி விகிதம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தனாயி பொருளாதாரப் படிப்பை முடித்துவிட்டாள். கொலோனில் ஒரு பத்திரிகையில் சேர்ந்திருக்கிறாள். உன் மகள் அல்லவா, மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் வாய் மூடுவதில்லை. "அம்மா, அப்பா போன்ல பேசுறப்ப நோட்டும் பேனாவும் எடுத்து வச்சுக்கணும்போல இருக்கு. கடைசியில பரீட்சை வைப்பாரோன்னு பயமா இருக்கு" என்கிறாள்.

வேலையில் கொஞ்சம் தகராறு. பெரிதாக ஒன்றுமில்லை.

அக்டோபர் கடைசியில் உனக்குப் பத்து நாள் விடுப்பு இருப்பதாகச் சொன்னாயே. வா. பன்னிரண்டு வருடமாக நான்தான் ஆகஸ்டில் கிரேக்கத்துக்கு வந்துபோகிறேன். நீ ஒருமுறைகூட இந்த வீட்டின் படியேறவில்லை. காலையில் ட்ராமில் ரைன் பாலத்தைக் கடக்கும்போது தட்டைக் கப்பல்களில் கண்டெய்னர்கள் போகின்றன. அதில் எதையாவது பிரேயஸ் துறைமுகத்தில் உன் கை கட்டியிருக்குமோ என்று தினமும் பார்க்கிறேன். ஐம்பத்தைந்து வயதுப் பெண் செய்கிற காரியமா இது?

அர்கிரோ


பிரேயஸ்,
20 செப்டம்பர் 2024

என் கண்ணே அர்கிரோ,

உன் கடிதத்தை நம் தெரு முனையில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் மரிகோ பார்த்துவிட்டாள். தபால்காரர் அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாராம். கடையில் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது உரக்கக் கேட்கிறாள்: "ஏன்டா ஸ்தாதிஸ், உலகத்தை முழுசாச் சரி பண்ணிட்டுத்தான் பொண்டாட்டியப் பாக்கப் போவியா? இல்ல, பாதி முடிச்சதும் ஒரு எட்டுப் போயிட்டு வருவியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தெரு மாறிவிட்டது. எதிர்வரிசையில் மூன்று வீடுகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிட்டார்கள். வாசலில் எண் போட்ட சாவிப்பெட்டி தொங்குகிறது. குடியிருந்தவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் மலைப்பக்கம் போய்விட்டார்கள். பிரேயசில் பிறந்தவனால் பிரேயசில் இருக்க முடியவில்லை. வியாழக்கிழமைகளில் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் இப்போதும் பொதுச் சமையல் நடக்கிறது. முன்பெல்லாம் வேலையில்லாதவர்கள் வந்து பீன்ஸ் சூப் குடிப்பார்கள். இப்போது வேலையில் இருப்பவர்களே வருகிறார்கள். பொருளாதாரம் தேறிவிட்டது என்று தொலைக்காட்சி சொல்கிறது. யாருடைய பொருளாதாரம் என்று மட்டும் சொல்வதில்லை.

நீ என்மேல் கோபப்படுகிறாய். நான் யார்மேல் கோபப்பட? யோசித்துப் பார். 2012இல் உன் மருத்துவமனையை மூடியது யார்? பன்னாட்டு நிதியமும் ஐரோப்பிய வங்கியும் கேட்டார்கள், நம் அமைச்சர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இங்கே நர்ஸுகளை வீட்டுக்கு அனுப்பிய அதே மாதத்தில் ஜெர்மனியில் நர்ஸ் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. நம் வரிப்பணத்தில் படித்தவளை அவர்கள் படிப்புச் செலவில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். துறைமுகத்தை வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்றார்கள், உன்னை வடக்கே ஏற்றுமதி செய்தார்கள். ஒரே கையெழுத்தில் நடந்த வேலை இது. நம்மைப் பிரித்தது அதுதான், அர்கிரோ. நானோ நீயோ இல்லை.

ஆனால் வருகிறேன். அக்டோபர் 26, சனிக்கிழமை மதிய விமானம். டிக்கெட் வாங்கிவிட்டேன். அடுத்த வருடம் ஜூனில் ஓய்வு. அதற்குப் பிறகு யாரும் என்னைப் பிடித்து வைக்க முடியாது.

தனாயியை முத்தமிட்டேன் என்று சொல். பரீட்சை உண்டு என்றும் சொல்.

உன் ஸ்தாதிஸ்


டூயிஸ்பர்க்,
1 அக்டோபர் 2024

ஸ்தாதிஸ்,

வருகிறாய் என்ற வரியை மட்டும் நாலு முறை படித்தேன். மற்றதை ஒரு முறை.

நான் கண்டெய்னர் இல்லை. என்னை யாரும் ஏற்றுமதி செய்யவில்லை. மருத்துவமனையை மூடினார்கள், உண்மை. அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் அந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒன்பது வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜெர்மன் வினைச்சொற்களை மனப்பாடம் செய்தேன். போகலாம் என்று முடிவெடுத்தது நான். அதை என்னிடமிருந்து பிடுங்கி வங்கிக்காரர்கள் கையில் கொடுக்காதே. என் வாழ்க்கையில் நான் தனியாக எடுத்த பெரிய முடிவு அது ஒன்றுதான்.

சரி, சண்டை போதும். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். எங்கள் வார்டில் குல்சென் என்று ஒருத்தி. பெற்றோர் துருக்கியிலிருந்து வந்தவர்கள், அவள் பிறந்தது இங்கேயே. உன் பத்து நாளில் ஆறு நாளை அவள் ஏற்றுக்கொண்டாள். "உன் புருஷன் நெசமாவே இருக்காரா அர்கிரோ? இல்ல, மத்த ஆம்பளைங்க கிட்ட வராம இருக்க நீ கட்டிவிட்ட கதையா?" என்று கேட்டாள். "இருபத்தாறாம் தேதி வா, காட்டுறேன்" என்றேன்.

வார்டில் மதிய வேளையில் முப்பத்துநாலு நோயாளிகளுக்கு இரண்டு பேர் நிற்கிறோம். போன வாரம் ஒரு முதியவர் தண்ணீர் கேட்டு நாற்பது நிமிடம் மணி அடித்துக்கொண்டே இருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவரே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அது என்னை ஏதோ செய்துவிட்டது. கூட்டத்தில் பேசச் சொல்கிறார்கள். என் ஜெர்மனை வைத்துக்கொண்டு என்ன பேச? பார்க்கலாம்.

மேல்சட்டை தடிமனாக எடுத்து வா. இங்கே அக்டோபர் உன் அக்டோபர் இல்லை.

அர்கிரோ


பிரேயஸ்,
30 அக்டோபர் 2024

அர்கிரோ, என் உயிரே,

விமான நிலையத்தில் எனக்காக நின்றபடி நீ அழைத்தபோது என்னால் பேச முடியவில்லை. சுற்றிலும் ஒரே கூச்சல். இரண்டே வாக்கியம் சொன்னேன். இப்போது முழுதாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன், வழியில் விடைபெறலாம் என்று சங்கத்துக்குப் போனேன். துறைமுக அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். மதியக் கப்பலில் ஏறவேண்டிய ஒரு கண்டெய்னர் வடக்கிலிருந்து லாரியில் வந்துகொண்டிருக்கிறது, உள்ளே துப்பாக்கித் தோட்டாக்கள் என்றாள். எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. காஸாவில் என்ன நடக்கிறது என்பதை ஒரு வருடமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அரைமணி நேரத்தில் துறைமுக வாசலில் முன்னூறு பேர்.

மேலாளர் என்னிடம் வந்தான். "ஸ்தாதிஸ், நீ இன்னிக்கு லீவு. ஊருக்குக் கெளம்பு. உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"லீவுதான். லீவுல எங்க நிக்கிறதுன்னு நான்தானே முடிவு பண்ணணும்?"

"அது ஒரே ஒரு பெட்டிப்பா."

"சரி, பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு உன் வாயால சொல்லு. சொல்லிட்டா நான் போயிடறேன்."

அவன் திரும்பி அலுவலகத்துக்குள் போனான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கிரேன்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். என் விமானம் மேலே ஏறிய நேரத்தில் நான் லாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மாலை நாலு மணிக்கு அந்தப் பெட்டி திரும்பிப் போனது. பெரிய ஆட்கள் அழுதார்கள். முப்பது வருடமாக நம் கையால் எதை எதையோ கப்பலில் ஏற்றியிருக்கிறோம், ஒன்றையாவது ஏற்றமாட்டோம் என்று சொல்ல முடிந்ததே. நான் உன்னை நினைத்தேன். நீ இருந்தால் என் பக்கத்தில் நின்றிருப்பாய்.

நீ புரிந்துகொள்வாய். இதை வேறு யாரிடமும் இவ்வளவு நம்பிக்கையாகச் சொல்ல முடியாது.

உன் ஸ்தாதிஸ்


டூயிஸ்பர்க்,
12 நவம்பர் 2024

ஸ்தாதிஸ்,

புரிந்துகொண்டேன். நான் இருந்தால் உன் பக்கத்தில் நின்றிருப்பேன், அதுவும் உண்மை. தனாயி எனக்கு வீடியோவைக் காட்டினாள். மூன்றாவது வரிசையில் உன் வழுக்கையைக் கண்டுபிடித்தோம். அவள் பெருமைப்பட்டாள். நானும்தான்.

பெட்டி நாலு மணிக்குத் திரும்பியது என்று எழுதியிருக்கிறாய். மறுநாளும் விமானம் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. உன் விடுப்பு நவம்பர் ஐந்து வரை இருந்தது.

கொஞ்ச நாள் எழுதமாட்டேன். கோபம் இல்லை. களைப்பு.

அர்கிரோ


பிரேயஸ்,
2 பிப்ரவரி 2025

அர்கிரோ,

கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று என்று இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசியில்கூட நீ அழைக்கவில்லை என்றதும் பயந்துபோய் நேற்று தனாயியை அழைத்தேன்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன? வாசல்ல நிக்கிறாங்க. இருபத்தேழாவது நாள்."

"எந்த வாசல்ல?"

"அப்பா, நெசமாவே உங்களுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரில ஸ்ட்ரைக். அம்மாதான் முன்னால நிக்கிறாங்க. எங்க பேப்பர்ல அவங்க பேரு வந்துச்சு. கிரேக்கத்துலேருந்து வந்த நர்ஸு இருநூறு ஜெர்மன்காரங்களை வெளிய கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு எழுதியிருந்தாங்க" என்றாள். "உங்ககிட்ட சொல்லலியா?" என்றும் கேட்டாள்.

போனை வைத்தேன். உட்கார்ந்தேன். பிறகு உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். செப்டம்பரில் "கொஞ்சம் தகராறு". அக்டோபரில் தண்ணீர் கேட்டு மணி அடித்த முதியவர். கூட்டத்தில் பேசச் சொல்கிறார்கள். எல்லாம் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். அந்த இடங்களில் கண்ணை ஓட்டிவிட்டு, என் துறைமுகத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். என்ன தகராறு என்று ஒரு வரி கேட்கவில்லை. வேறு ஊர்த் தொழிலாளி ஒருவன் அப்படி எழுதியிருந்தால் விடிவதற்குள் பதில் போட்டிருப்பேன்.

நீ போராட்டத்தை விட்டுவிட்டுப் போனவள் என்று எனக்குள் எங்கேயோ ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். சங்கத்தில் உங்களுக்காக ஒரு பதாகை எழுதியிருக்கிறோம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன் என்று மரிகோ சொல்கிறாள். கடிதம் பின்னால் வரட்டும். எழுத்தில் இருக்கட்டும் இது.

ஸ்தாதிஸ்


டூயிஸ்பர்க்,
3 மார்ச் 2025

அன்புள்ள ஸ்தாதிஸ்,

நீ போய் ஒரு வாரம் ஆகிறது. கொண்டுவந்த ஆலிவ் எண்ணெய்த் தகரம் அடுப்புப் பக்கத்தில் நிற்கிறது. வார்டில் பாதிப்பேர் வீட்டில் இப்போது உன் ஆலிவ்தான்.

முதலில் செய்தி. ஐம்பத்துநாலாவது நாள் கையெழுத்தாயிற்று. ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். பகல் வேளைக்கு மட்டும். கேட்டதில் முக்கால்வாசி. குல்சென் என்னைத் தூக்கிச் சுற்றினாள், இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவளே மருந்து தடவிவிட்டாள்.

உன்னைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. அந்தப் பதாகையின் கிரேக்க எழுத்தை ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது, ஆனால் வாசலிலிருந்து அதைக் கழற்ற யாரும் விடவில்லை. நீ பேசியது இன்னும் இங்கே சிரிப்பாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. தகர டிரம்மில் நெருப்பு எரிய, பனி கொட்ட, நீ ஏறி நின்று ஒரு மூச்சில் நிதியத்தையும், ஆயுத வியாபாரத்தையும், பள்ளிக்கூடத்துக்கு இல்லாத பணம் பீரங்கிக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் பேசினாய். பேசி முடித்து என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான், "அவர் உங்க கூட இருக்கார்னு சொல்றார்" என்று மொழிபெயர்த்தேன். குல்சென், "அவ்வளவு நேரம் பேசினது இந்த ஒரு வரிதானா? கிரேக்க மொழி ரொம்ப நீளமா இருக்கே!" என்றாள். நீயும் சேர்ந்து சிரித்தாயே. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலேயே சிரித்தாய். அந்த முகத்தை நான் இருபது வருடமாகப் பார்க்கவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஐந்தாம் நாள் நீ "நடக்கப் போறேன்" என்று போய் மூன்று மணி நேரம் வரவில்லை. திரும்பி வந்து, ஊர் அழகாக இருக்கிறது என்றாய். நான் உன்னைப் பார்த்தேன், ஸ்தாதிஸ். ட்ராமில் போய்க்கொண்டிருந்தேன். ஆற்றுத் துறைமுகத்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாய். உள்ளே இரண்டு பேர் கண்டெய்னரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உன் வலது கை, உனக்கே தெரியாமல், அவர்களோடு சேர்ந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தது. ஒருவன் உன்னைப் பார்த்துக் கையசைத்தான், தள்ளிப் போ என்று. நீ தள்ளிப் போனாய்.

நான் இறங்கி வந்திருக்கலாம். இறங்கவில்லை. நான் பார்த்தது உனக்குத் தெரியக்கூடாது என்று தோன்றியது.

கிளம்பும் அன்று சமையலறையில், ஜூனில் ஓய்வு பெற்று இங்கேயே வந்துவிடுகிறேன் என்றாய். பதில் சொல்லாமல் பாத்திரம் கழுவினேன். இப்போது சொல்கிறேன். எனக்கு முதலில் ஒன்று தெரியவேண்டும். பன்னிரண்டு வருடம் ஏன் வரவில்லை? நிதியம் வேண்டாம். துறைமுகத்தை விற்ற கதை வேண்டாம். அதெல்லாம் உண்மை, எனக்கும் தெரியும், அதற்காக நானும் பனியில் நின்றிருக்கிறேன். அதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறதோ, அதை எழுது.

அர்கிரோ


பிரேயஸ்,
16 ஏப்ரல் 2025, பெரிய புதன்

என் அர்கிரோ,

ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது பத்தியில் நிதியம் உள்ளே வந்துவிடுகிறது. எவ்வளவு வசதியான நாற்காலி அது என்று இப்போதுதான் தெரிகிறது. உண்மையான நாற்காலிதான், ஆனால் நான் அதில் உட்கார்ந்தே பதுங்கியிருந்தேன்.

2013 மார்ச்சில் நான் வருவதாக இருந்தது நினைவிருக்கிறதா? விமான நிலையத்திலிருந்து அழைத்து, வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டார்கள், வர முடியாது என்றேன். நீ சரி என்றாய். பின்னால் தனாயி அழுவது கேட்டது.

அன்று வேலைநிறுத்தம் எதுவும் இல்லை.

பெட்டியை விமானத்தில் ஏற்றக் கொடுத்துவிட்டேன். விமானத்துக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு இளைஞன், பொறியாளன், அவனும் வேலைக்காக வடக்கே போகிறவன். "மாமா, நீங்க அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். வீட்டிலிருந்து துறைமுக வாசல் வரை நான் நடக்கிற கால் மணி நேரத்தில் நாற்பது பேர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அங்கே எனக்கு ரொட்டி கேட்கக்கூடத் தெரியாது. அர்கிரோவின் புருஷன் என்று ஒருவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். அதை நினைத்ததும் கால் எழவில்லை. விமானம் போனது. அடுத்த வருடம் நான் டிக்கெட்டே வாங்கவில்லை. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு போராட்டம் இருந்தது, எல்லாமே நிஜமான போராட்டம். காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

அக்டோபரையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தோட்டாப் பெட்டி நிஜம். நான் அழுததும் நிஜம். ஆனால் அந்தப் பெண் ஓடி வந்து செய்தி சொன்னபோது, கோபம் வருவதற்கு முன்னால், ஒரு நொடி எனக்கு நிம்மதி வந்தது. இனி போகவேண்டியதில்லை என்று. அந்த நொடியை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உனக்கு எழுதுகிறேன்.

நீ ட்ராமில் இருந்தது எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டாய் என்பதில் வெட்கமும் இல்லை இப்போது. நான் எதற்குப் பயந்தேனோ அதைத்தான் நீ பார்த்தாய். நீ பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதே பயத்தோடு, ஒரு பிள்ளையையும் பிடித்துக்கொண்டு, அங்கே போய் இறங்கினாய். உன் பயம் பற்றி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஜூன் முப்பதோடு என் வேலை முடிகிறது. நீ வா என்றால் வருகிறேன். பயத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்கமாட்டேன்.

மரிகோ ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டை இரண்டு கொடுத்தாள். ஒன்று உனக்காம். ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி இரண்டையும் நானே ஒன்றோடொன்று மோதவிடப்போகிறேன். எது உடைந்தாலும் தோற்பது நான்தான்.

ஸ்தாதிஸ்


டூயிஸ்பர்க்,
11 மே 2025

ஸ்தாதிஸ்,

உன் கடிதத்தை மாடிப்படியில் நின்றே படித்தேன். பிறகு வேலைக்குப் போகும் வழியில் ஒருமுறை. பிறகு மூன்று வாரம் எடுக்கவில்லை.

அன்று வேலைநிறுத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். நீ அழைத்து வைத்த பிறகு, அடிதடி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து சங்கத்துக்கு அழைத்தேன். எடுத்தவர், "ஸ்தாதிஸா? அவரு உங்களப் பாக்கப் போறேன்னு காலையிலேயே சந்தோஷமாக் கெளம்பிட்டாரேம்மா" என்றார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். தனாயியிடம் அப்பாவுக்கு வேலைநிறுத்தம் என்றேன். நீயே ஒருநாள் சொல்வாய் என்று காத்திருந்தேன். நான் காத்திருந்தது நீ வருவதற்கு என்று நீ நினைத்தாய். இதற்கும்தான்.

சொன்னதற்கு நன்றி. இதைக் கேலியாக எழுதவில்லை. வேறு ஆளாக இருந்தால் சாகும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பான்.

என்னைத் தொழிலாளர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்ததை அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்க்க ஒருத்தி வேண்டும். நான் இங்கேதான் இருப்பேன். முன்பெல்லாம் ஆகஸ்டில் பிரேயசிலிருந்து திரும்பும்போது, விமானம் மேலே ஏறியதும் நெஞ்சு அடைக்கும். இப்போதெல்லாம் தரை இறங்கி அந்த ஆற்றைப் பார்க்கும்போது அடைப்பு விடுகிறது. இது எப்போது நடந்தது என்று எனக்கே தெரியாது. உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

உன்மேல் உள்ள ஏக்கம் போய்விட்டது என்று நினைக்காதே. அது போகவில்லை. பிப்ரவரியில் நீ படுத்த பக்கத்தில் நான் இன்னும் படுக்கவில்லை.

வா என்று நான் சொல்லமாட்டேன், ஸ்தாதிஸ். சொன்னால் நீ எனக்காக வருவாய். அந்த வேலிப்பக்கம் போய் நிற்பாய், வீட்டுக்கு வந்து ஊர் அழகு என்பாய். வராதே என்றும் சொல்லமாட்டேன். இந்த முடிவை நீ எடு. நான் அன்று சமையலறை மேசையில் எடுத்ததைப்போல, தனியாக.

ஒரு விஷயம். கட்டடத்தில் அழைப்புமணிப் பலகையைப் புதுப்பிக்கிறார்கள். நான் குடிவந்த நாளிலிருந்து என் பெயருக்குக் கீழே உன் பெயரும் இருந்தது. நானே ஒட்டியது. இத்தனை வருடத்தில் அந்தப் பெயரைத் தேடி ஒருவரும் மணி அடித்ததில்லை. பராமரிப்பவர் போன வாரம் கையில் பட்டியலோடு வந்து, "ரெண்டு பேரா, ஒரு பேரா?" என்று கேட்டார். ஒரு பெயர் போதும் என்றேன். அவர் போனபிறகும் கதவை மூடாமல் அங்கேயே நின்றிருந்தேன்.

நீ வந்தால் உன் பெயரைத் தேடாதே. என் பெயர் இருக்கும் பொத்தானை அழுத்து. நான்தான் வந்து திறப்பேன்.

அர்கிரோ